பாட்டில் கட்டின சிவப்புப் படகு

காட்டமஞ்சி, சித்தூர்
19.01.2025

தேவயானிக்கு,

'ஃபோன்ல பேசினா நீ கத்துவே, நானும் கத்துவேன். எழுதி அனுப்பு, அப்பதான் சொன்னதை சொல்லலன்னு மாத்த முடியாது'ன்னு ஒரே ஒரு மெசேஜைப் போட்டுட்டு என் நம்பரை பிளாக் பண்ணிட்டே. சரி, எழுதறேன். ஐடிஐ பரீட்சைக்கு அப்புறம் நான் முழுப் பக்கம் எழுதறது இதுதான். கையெழுத்தைப் பார்த்து சிரிக்காதே.

தம்பி ஹரிபாபு ஃபோன் பண்ணினான். பீரோ மேல இருந்த என் சிவப்புப் படகை எடுத்து, மேல் மூடியை ஆக்சா பிளேடு போட்டு அறுத்துட்டியாமே. தேவயானி, அது ரெண்டு வருஷம் ஆசைப்பட்டு சென்னையிலிருந்து வரவழைச்ச ரிமோட் படகு. ஞாயித்துக்கிழமை ஏரியில விட்டா ஊரே கரையில வந்து நிக்கும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் போகும். ரேஸ் படகுல போயி மீனுக்கு தவிடு ஏத்தறேன்னு நிக்கிறியே.

மீன் குத்தகையை விட்டுடு. தெப்பத்துல பொம்பளை கால் படக்கூடாதுங்கறது நாம பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கிற கட்டு. தெப்பம் இல்லாம நடு ஏரிக்கு யார் தீனி கொண்டு போறது? ஆம்பளை எவனும் உங்க பொம்பளைங்க சங்கத்துக்காக ஏற மாட்டான். இங்க ரெண்டு ரூம் வீடு பார்த்திருக்கேன், குழாயில தண்ணி வருது. ஃபேக்டரியில மாங்கா சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள நீ வந்துடு.

பொங்கலுக்கு லீவு கிடைக்கல.

இப்படிக்கு,
நாகேந்திரன்


வரதய்யபாளையம் போஸ்ட்
25.01.2025

மாமாவுக்கு தேவயானி எழுதிக்கிறது.

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்கணும்னுதான் இருக்கு. பொங்கலுக்கு வராதவனை என்னான்னு கேக்கறது? ஜனவரி மாசத்துல மாம்பழக் கூழ் ஃபேக்டரியில லீவு இல்லையாம், கேக்கறவ கேணச்சியா இருந்தா சொல்லு. உன் பங்கு கரும்பை மூணு நாள் எடுத்து வெச்சிருந்தேன். அப்புறம் ரத்தினம்மா துன்னுட்டா.

படகை அறுத்தது நான்தான். ஹரிபாபு பொய் சொல்லல, வருஷத்துக்கு ஒரு நாள் அவன் வாயிலயும் உண்மை வரும்.

நடந்ததை எழுதி வெக்கறேன், நாளைக்கு மறந்துட்டேன்னு சொல்லாதே. நவம்பர் மாசம், சச்சிவாலயம், அதான் நம்ம கிராம ஆபீஸ் வாசல். ஆறு வருஷமா ஹரிபாபு வெச்சிருந்த மீன் குத்தகை எங்க சங்கத்துக்கு வந்துச்சு, நான், ரத்தினம்மா, இன்னும் மூணு பேர். உடனே உன் தம்பிக்கு கன்னிமார் ஞாபகம் வந்துட்டாங்க. பொம்பளை கால் தெப்பத்துல பட்டா ஏரி வத்திடும்னான். நீ எழுந்தே. எனக்காகப் பேசப் போறேன்னு நெனச்சேன். 'என் பொண்டாட்டிக்கு ஏரி வேணாம், அவ சார்பா நான் சொல்றேன்'னே. நான் நாலடி தூரத்துல நின்னுகினு இருந்தேன் மாமா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எங்கேயோ இருந்து வந்த செக்ரெட்டரி, 'ஏமம்மா, நுவ்வேமண்டாவு', நீ என்னம்மா சொல்றேன்னு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். நான் பேனாவை வாங்கி கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு சாயங்காலமே நீ பையைத் தூக்கிகினு சித்தூர் பஸ் ஏறிட்டே.

அதே ஏரியில நாங்க இறங்கி துணி துவைக்கலாம், மாடு கழுவலாம். தர்மாகோலைக் கட்டின அந்தத் தெப்பத்துல மட்டும் கால் வெச்சா குத்தம். கரையில கல்லா உக்காந்திருக்கிற ஏழு கன்னிமாரும் பொம்பளைங்கதானே, அவங்களுக்கு எங்க கால் மேல என்னா கோவம்? சரி, ஊர் கட்டு, நான் மீறல. எங்க கால் படாம தீனி போகணும், அவ்ளோதானே. கரையிலிருந்து வீசினா பாதி கொக்குக்குப் போகுது, மீதி பாசியில மாட்டிக்குது. கட்லாவும் ரோகுவும் நடு ஆழத்துல கெடந்து காயுதுங்க. அதான் உன் படகு.

கம்பெனியில மூணு வருஷம் சால்டரிங் லைன்ல நின்னவ நான், மறந்துட்டியா? திருப்பதிக்குப் போயி ஆறு சேனல் ரிமோட்டும், சர்வோன்னு சொல்ற குட்டி மோட்டரும் வாங்கினு வந்தேன். மூடியை எடுத்த இடத்துல ஐஸ்கிரீம் டப்பா உக்காந்திருக்கு. பட்டனை அழுத்தினா சர்வோ முட்டுக் கம்பியை இழுக்கும், டப்பா பின்பக்கம் கவிழும், தீனி கொட்டும். வாளித் தண்ணியில வெச்சு பார்த்துட்டேன்.

வீட்டுக்கு குழாயில தண்ணி வருதா, சந்தோஷம். எங்க வெச்சு அந்த வார்த்தையை சொன்னியோ அங்கேயே நின்னு, 'அவளைக் கேக்காம சொன்னேன், தப்பு'ன்னு ஊர் கேக்க சொல்லு. மத்ததை அப்புறம் பேசலாம்.

கையெல்லாம் புண்ணாக்கு வாசனையோட,
தேவயானி


சித்தூர்
03.02.2025

தேவயானிக்கு,

சச்சிவாலயம் விஷயத்தை விடு. நாலு பேர் முன்னாடி தம்பி மொகம் பார்க்கணும்னு ஒரு வார்த்தை வந்துடுச்சு. அதையே புடிச்சிகினு தொங்காதே.

உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். ஐஸ்கிரீம் டப்பா எத்தனை லிட்டர்? பாட்டரியை எங்க வெச்சே? இருந்த இடத்துலேயே வெச்சா தீனி பாரத்தோட பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும், தண்ணி உள்ள வந்துடும். பாட்டரியை மூக்குப் பக்கம் தள்ளு. மூடி அறுத்த ஓரத்துல சிலிக்கான் தடவு. ரிமோட் சிக்னல் வாங்கற பெட்டியை ஒரு பலூன்ல போட்டு கழுத்தைக் கட்டு. விசிறி சுத்தற தண்டுக்கு கிரீஸ் வெக்கணும், தேங்காண்ணெ ஊத்திடாதே. நீ ஊத்துவே, எனக்குத் தெரியும், தையல் மெஷினுக்கே ஊத்தினவதானே நீ.

முக்கியமா ஒண்ணு. பாரம் இழுக்கணும்னு பெரிய விசிறியை மாட்டாதே. அது வேகத்துக்கு செஞ்ச மோட்டர், பெரிய விசிறியை சுத்த முடியாம கருகிடும். இங்க கூழ் பம்புல கொட்டை அடைச்சுக்கினா அப்படித்தான் ஆகுது.

நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.

நாகேந்திரன்


வரதய்யபாளையம் போஸ்ட்
14.02.2025

மாமா,

உன் கடுதாசி வந்தது ஏழாம் தேதி. நான் பெரிய விசிறி மாட்டினது ஆறாம் தேதி. மோட்டர் கருகி, நடுவுல போறதுக்குள்ள புகை வந்து நின்னுடுச்சு. நல்ல வேளை காத்து கரைப் பக்கம் அடிச்சுது, தானா வந்து சேர்ந்துச்சு. கரையில இருந்தவனுங்க கை தட்டினானுங்க. உனக்கு நல்ல புத்தி வராம இல்ல மாமா, எப்பவும் ஒரு நாள் தள்ளி வருது.

தேங்காண்ணெ ஊத்தினேன். தொடைச்சிட்டு கிரீஸ் வெச்சிட்டேன். மத்ததெல்லாம் நீ எழுதின மாதிரியே செஞ்சேன். பாட்டரி மூக்குல இருக்கு. ரெண்டு கிலோ ஏத்தினதும் ஒரு பக்கமா சாய்ஞ்சுது, அதனால ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் காலி பாட்டிலை பக்கத்துக்கு ஒண்ணா கட்டியிருக்கேன். இப்ப பார்த்தா ரேஸ் படகு மாதிரியே இல்ல, ரெண்டு குடம் இடுக்கினு தண்ணிக்குப் போற பொம்பளை மாதிரி இருக்கு. நீ பார்த்தா அழுவே. எனக்குப் புடிச்சிருக்கு.

திருப்பதி கடையில மெதுவா சுத்தற மோட்டர் இல்ல, வர பத்து நாள் ஆவும்னுட்டான். மீன் பத்து நாள் பட்டினி கெடக்குமா? ரத்தினம்மா இடுப்பளவு தண்ணியில இறங்கி வீசறா, அம்பது வயசுல.

வார்த்தை வந்துடுச்சுன்னு எழுதியிருக்கே. அதுவா வந்துச்சா? நீ சொன்னே மாமா. ஹரிபாபு மூஞ்சி உனக்கு முக்கியமா இருந்துச்சு, பன்னெண்டு வருஷமா பாக்கிற என் மூஞ்சி முக்கியமா இல்ல. எனக்கு கோவம் அதுக்குத்தான். ஏரியே போனாலும் அந்தக் கோவம் போகாது.

தேவயானி


சித்தூர்
21.02.2025

தேவிக்கு,

பாட்டில் கட்டினியா? என் படகுக்கா? படிச்சிட்டு கேன்டீன்ல சோறு இறங்கல. சாயங்காலம் யோசிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் செஞ்சிருக்கே. முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக் கட்டு, தண்ணியைக் கிழிச்சிகினு போகும்.

இந்தக் கடுதாசியோட வர்ற டப்பாவுல மெதுவா சுத்தற மோட்டர் ஒண்ணும், அதுக்கேத்த மூணு இலை விசிறியும் இருக்கு. பெங்களூருல இருந்து வரவழைச்சேன். சத்தியவேடு பஸ் டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பறேன், சாயங்காலம் போய் வாங்கிக்கோ. சிவப்பு, கருப்பு வயரை மாத்திக் குடுத்தா பின்னாடி ஓடும், பார்த்து வை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மோட்டரைத் தொட்டுப் பாரு. கை வெக்க முடியலன்னா நிறுத்திடு.

ஹரிபாபுகிட்ட ஃபோன்ல பேசிட்டேன். நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன், அவளைக் கேட்டிருக்கணும்னு சொன்னேன். போதுமா?

இன்னொண்ணும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து தெப்பத்துல ஏறி, வாரத்துக்கு வேண்டிய தீனியை நடு ஏரி கம்பத்துல ஓட்டை போட்ட மூட்டையா கட்டிட்டு வந்துடறேன். ஆம்பளை ஏறினா எவன் கேப்பான்? உனக்கும் அலைச்சல் இல்ல, ஊர்லயும் பேச்சு இருக்காது. படகைத் தொடைச்சு பீரோ மேல வெச்சிடு.

ராத்திரி சோறு தனியா துன்ன புடிக்கல.

உன் நாகேந்திரன்


வரதய்யபாளையம் போஸ்ட்
04.03.2025

மாமா,

மோட்டர் வந்துச்சு. மாட்டினேன். வயரை மொதல்ல மாத்திதான் குடுத்தேன், பின்னாடி ஓடி கரையில முட்டுச்சு. அப்புறம் சரி பண்ணினேன்.

இப்ப கேளு. காலையில எட்டு நடை போகுது. ஒரு நடைக்கு ரெண்டு கிலோ, தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைஞ்ச உருண்டை. ஆடி அசைஞ்சு போயி, கம்பத்துகிட்ட நின்னு, டப்பா கவிழ்ந்ததும் தண்ணி கொதிக்கற மாதிரி மீன் மேல வருது. அஞ்சாம் நாள்ல இருந்து மோட்டர் சத்தம் கேட்டாலே கூடிடுதுங்க. ரத்தினம்மா ரிமோட் புடிக்க கத்துக்கினா. மொத நாள் கொக்கைத் துரத்தறேன்னு தாமரைக்குள்ள கொண்டு போயி மாட்டிட்டா, இப்ப என்னை விட நல்லா திருப்பறா. சச்சிவாலயத்துல இருந்து செக்ரெட்டரி வந்து செல்ஃபோன்ல வீடியோ எடுத்துகினு போனார். ஹரிபாபு தினம் வந்து நிக்கறான், ஒண்ணும் பேசறதில்ல.

அடுத்தது உன் கடுதாசி. ஃபோன்ல ஹரிபாபு காதுல சொன்னியாக்கும். என்னைப் பத்தி ஊர் கூடின இடத்துல சொல்லிட்டு, தப்புன்னு சொல்றதை மட்டும் ரகசியமா சொல்றே. இது எந்த ஊர் நியாயம்?

ஞாயித்துக்கிழமை நீ வந்து தெப்பம் ஏற வேணாம். உன் உதவி வேணாம்னு இல்ல, மோட்டரை எடுத்துக்கினேன் பாரு. நீ ஏறினா என்னா ஆவும்? 'பார், புருஷன் வந்துதான் ஆச்சு'ம்பாங்க. எங்க அஞ்சு பேர் கையெழுத்தும் வீணாப் போயிடும். அவ சார்பா நான்னு வாயால சொன்னே, இப்ப தெப்பத்துல ஏறி அதையே சொல்லப் பாக்கறே. உனக்கே தெரியாம செய்யறே, அதுதான் எனக்கு வருத்தம்.

எனக்கும் தனியா துன்ன புடிக்கல. அதுக்காக வளைஞ்சு குடுக்க மாட்டேன்.

ஊர் கண்ணு பட்டுடும்னு ரத்தினம்மா படகு பின்பக்கம் கருப்புக் கயித்துல எலுமிச்சம்பழம் கட்டி வெச்சிருக்கா. அழகாத்தான் இருக்கு.

தேவயானி


சித்தூர்
11.03.2025

தேவிக்கு,

அவசரமா எழுதறேன், லஞ்ச் டைம் முடியப் போகுது. மொதல்ல அந்த எலுமிச்சம்பழக் கயித்தை அவுத்துடு. பின்பக்கம் எதையும் கட்டாதே. கயிறு தளர்ந்தா விசிறியில சுத்திக்கும், படகு நடுத்தண்ணியில நின்னுடும். திருஷ்டி கழிக்கணும்னா கரையில வெச்சு கழி.

அப்படி எங்கயாவது நின்னுட்டா விட்டுடு. படகு போனாப் போவுது. எந்தக் காரணத்துக்கும் நீ தெப்பத்துல கால் வெக்காதே. எனக்கு கன்னிமார் மேல பயம் இல்ல. ஊர்ல என்னைப் பார்த்து, பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன்னு சொல்லுவானுங்க. அதை என்னால தாங்க முடியாது. உள்ளதை எழுதிட்டேன், நீதானே எழுதச் சொன்னே.

உன் நாகேந்திரன்


வரதய்யபாளையம் போஸ்ட்
19.03.2025

மாமாவுக்கு,

உன் கடுதாசி சனிக்கிழமை வந்துச்சு. படகு நின்னது வெள்ளிக்கிழமை. நீயும் மாறல, தபாலும் மாறல.

ஆறாவது நடை. முழு பாரம். கம்பத்துகிட்ட போறதுக்குள்ள ஒரு உறுமு உறுமி நின்னுடுச்சு. முன்னாடி, பின்னாடி, எதுக்கும் அசையல. காத்தும் இல்ல. வெள்ளிக்கிழமை ஆனதால கன்னிமாருக்கு பால் ஊத்த வந்த கூட்டம் வேற கரையில. அதுவரைக்கும் வாய் திறக்காத ஹரிபாபு அப்பத்தான் திறந்தான். 'பாத்தீங்களா, கன்னிமார் புடிச்சு வெச்சிட்டாங்க. கால் படாட்டியும் பொம்பளை கைதானே நடத்துது, அவங்களுக்குத் தெரியாதா'ன்னான். நாலு பேர் தலையாட்டினாங்க. ரெண்டு பேர் கன்னத்துல போட்டுக்கினாங்க.

யாராவது போய் எடுத்துகினு வாங்கன்னு கேட்டேன். ஹரிபாபுவையும் கேட்டேன், கொழுந்தனாச்சேன்னு. ஒருத்தன் அசையல. தெப்பம் பனங்கட்டையில கட்டியிருந்துச்சு, என் கைக்கு எட்டற தூரத்துல.

மாமா, எனக்கு பயமா இருந்துச்சு. வீம்புக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன். சின்ன வயசுல இருந்து கேட்ட பேச்சு, வத்திடும், வத்திடும்னு. நெஜமாவே ஏதாவது ஆயிட்டான்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் நீ அன்னிக்கு எழுந்து நின்னது ஞாபகம் வந்துச்சு. எனக்காக யாரோ ஒருத்தர் போவாங்க, பேசுவாங்கன்னு இன்னும் எத்தனை தடவை நின்னுகினு இருக்கறது? ஏழு கல்லையும் பார்த்து கும்பிட்டேன். அம்மாங்களா, எட்டாவதா என்னையும் சேத்துக்கோங்கன்னேன். கயித்தை அவுத்து, கால் வெச்சேன். வலது காலைத்தான் வெச்சேன், புது வீட்டுக்குப் போற மாதிரி.

ஆடுச்சு. மண்டி போட்டு உக்காந்துக்கினேன். மூங்கிலை ஊன ஊன போச்சு. கிட்ட போயி படகைத் தூக்கிப் பார்த்தா, விசிறித் தண்டுல கருப்புக் கயிறு நூல்கண்டு மாதிரி சுத்திக்கினு இருக்கு, நுனியில அரை எலுமிச்சம்பழம். அப்படியே தலைக்கு மேல தூக்கிக் காட்டினேன். ரத்தினம்மாதான் மொதல்ல கத்தினா, 'அய்யோ அது நான் கட்டினதுடி'ன்னு. கூட்டம் மொத்தமும் சிரிச்சிடுச்சு. பால் சொம்போட நின்ன கிழவிங்க சிரிச்சாங்க. ஹரிபாபுவுக்கே சிரிப்பு வந்துடுச்சு, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கினான்.

வந்தது வந்தோம்னு, படகுல இருந்த உருண்டையை நானே கம்பத்துகிட்ட கொட்டிட்டுத்தான் திரும்பினேன். மறுநாள் ரத்தினம்மா ஏறினா. திங்கக்கிழமை சங்கத்துல மீதி மூணு பேரும் ஏறினாங்க. படித்துறையில மூணாவது படிக்கு தண்ணி இருந்துச்சு, இன்னும் அங்கேயேதான் இருக்கு. வெயிலுக்கு ஒரு விரக்கடை இறங்கியிருக்கும், அது வருஷா வருஷம் இறங்கறதுதான். ஹரிபாபு தினம் காலையில குச்சி வெச்சு அளந்து பார்த்துட்டுப் போறான்.

உன் படகு எனக்கு இனி வேணாம். இந்தக் கடுதாசியோட பஸ்சுல அனுப்பறேன். ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துட்டேன், அறுத்த மூடியை ஒட்டியிருக்கேன், தழும்பு தெரியும். உன் மெது மோட்டர் உள்ளேயே இருக்கு. வேகமா போகாது, ஆனா நிக்காது. பாட்டில் ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும், தெப்பத்துக்கு கட்டிக்கிறேன். பெரிய உபகாரம் செஞ்சுது மாமா உன் படகு, நீயும்தான். நீ எழுதின ஒவ்வொண்ணையும் படிச்சுத்தான் செஞ்சேன், ஒரு நாள் லேட்டா இருந்தாலும்.

பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன்னு சொல்லுவாங்கன்னு பயப்பட்டே. சொல்லிட்டாங்க. அஞ்சு நாளா சொல்லிகினு இருக்காங்க. இனி பயப்பட ஒண்ணும் பாக்கி இல்ல, நிம்மதியா இரு.

27ஆம் தேதி, வியாழக்கிழமை, மொத வலை. சத்தியவேடு பக்கத்துல இருந்து வலை ஆளுங்க வராங்க. நடு ஏரியில தெப்பத்துல நின்னு வலையைத் தூக்கிப் புடிக்கறது நான். கரையில கயிறு இழுக்க ஒரு கை குறையுது. வரணும்னு தோணிச்சுன்னா விடியற்காலை பஸ்சுக்கு வந்துடு, இந்த ஒரு தடவை லேட் பண்ணாதே. தோணலன்னா உன் படகோட அங்கேயே இரு. நான் கோச்சுக்க மாட்டேன், காத்துகினும் இருக்க மாட்டேன்.

வந்தா கயித்தைத் தொடறதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை சொல்லணும். அன்னிக்கு சச்சிவாலயம் வாசல்ல இருந்த அத்தனை பேரும் வலைக்கு கரையில நிப்பாங்க. நான் நடுத்தண்ணியில இருப்பேன், மெதுவா சொன்னா எனக்கு எட்டாது. ஃபோன்ல கத்தாதேன்னு சொன்னவதான் சொல்றேன், அன்னிக்கு கத்து.

இதுக்கு பதில் எழுதாதே.

தேவயானி